ஆண்டு எழுதாத காசு

உங்கள் கையிலுள்ள ஒரு ரூபாய் நாணயத்தைப் பாருங்கள். நாட்டின் பெயர், மதிப்பு, ஆண்டு எல்லாம் அதில் இருக்கின்றன. மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த கறுத்த வெள்ளித் துண்டிலோ எழுத்தே இல்லை. சில குறிகள் மட்டுமே தெரிகின்றன. அதன் வயதை எவ்வாறு அறிவது?

இவற்றுக்கு முத்திரைக் காசுகள் என்று பெயர். இந்தியாவில் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே இவை வழங்கின. 2021-இல் கீழடி அகழாய்விலும் ஒரு வெள்ளி முத்திரைக் காசு கிடைத்தது.

வெள்ளித் தகட்டைத் துண்டுகளாக வெட்டுவார்கள். எடை கூடினால் மூலையை நறுக்கிவிடுவார்கள். பின்பு முத்திரையை வைத்துச் சுத்தியலால் அடிப்பார்கள். அதனால்தான் வடிவம் ஒழுங்காக இருப்பதில்லை. ஆனால் எடை ஏறத்தாழ 3.4 கிராம். பெரும்பாலானவற்றில் முன்புறம் சூரியன் முதலிய ஐந்து குறிகள் இருக்கும். பின்புறம் சிறு குறிகள் இருக்கும்.

இங்கேதான் கணிதம் உதவிக்கு வருகிறது. கணித அறிஞர் டி. டி. கோசாம்பி (1907-1966) ஆயிரக்கணக்கான காசுகளை நிறுத்துப் பார்த்தார். கைமாறக் கைமாறக் காசு தேயும் அல்லவா? பின்புறக் குறிகள் கூடக்கூடச் சராசரி எடை குறைவதை அவர் கண்டார். ஒரு காசை மட்டும் நிறுத்தால் இது புலப்படாது. ஒரே வகைக் காசுகள் பல வேண்டும். ஒரு புதையலில் எந்த வகை அதிகம் தேய்ந்துள்ளதோ, அதுவே நீண்ட நாள் புழங்கியது, அதாவது பழையது.

முன்பின் வரிசை கிடைத்துவிட்டது. ஆண்டு? 1924-இல் தட்சசீலத்தில் கிடைத்த புதையலில், முத்திரைக் காசுகளுடன் அலெக்சாந்தர் காசுகளும், அவருக்குப்பின் கி.மு. 323-இல் பட்டமேறிய பிலிப்பின் காசு ஒன்றும் தேயாமல் இருந்தன. ஆகவே புதையல் அதற்கு முன் புதைக்கப்பட்டிருக்க முடியாது; வெகுகாலம் பிந்தியதாகவும் இருக்க முடியாது. அதில் தேய்ந்திருந்த முத்திரைக் காசுகள் இன்னும் பழையவை!

அப்படியானால், பழங்காசு கிடைத்தால் நீங்கள் என்ன செய்யக்கூடாது? புளியோ சாம்பலோ போட்டுத் தேய்க்கக்கூடாது. கறுப்பு என்பது வெள்ளி கந்தகத்துடன் சேர்ந்து உண்டான படலம். தேய்த்தால் அதனுடன் குறிகளும் எடையும் போகும். வயதைச் சொல்லும் சாட்சியே அழிந்துவிடும். காசுகளைப் பங்கிட்டுக்கொள்வதும் தவறு. பிலிப்பின் காசை மட்டும் ஒருவர் எடுத்துப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கிடைத்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் மூலம் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவியுங்கள். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்வதும் அதுதான்.