காரின் மேல்பூச்சு உரிகிறதா? வீட்டிலேயே சரி செய்யலாம்



குழுக் கடனில் பழைய கார் வாங்கி வாடகைக்கு விடும் குடும்பங்களுக்கு வரும் தொல்லை இது. கூரையிலும் பானெட்டிலும் வெயிலில் வெந்த தோல் மாதிரி உரியும். "பெயிண்டே போச்சு, முழு வண்டிக்கும் அடிக்கணும்" என்று யாராவது சொல்வார்கள். அந்தச் செலவில் பல மாதத் தவணையைக் கட்டிவிடலாம். அவசரப்படாதீர்கள்.

பெரும்பாலும் உரிவது நிறமே இல்லை. தகட்டின் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கும். கிளியர் கோட் என்பது இதுதான். தலைமுடியை விட மெல்லிசு. நம்ம நயினார்கோவில் பக்கத்து வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் இதை வருஷக்கணக்கில் இற்றுப்போக வைக்கிறது. வெயில் நேராக விழும் இடம் முதலில் போவது அதனால்தான்.

உரிந்த இடத்தை உற்றுப் பாருங்கள். நிறம் மங்கலாகவாவது முழுசாக இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். சாம்பல் நிறப் பிரைமரோ துருவோ தெரிந்தால் பெயிண்டரிடம் விடுவதே நல்லது. உரியாமல் மங்கிப் போனது மட்டும் என்றால் முதலில் பாலிஷ் போட்டுப் பாருங்கள்.

வண்டியைக் கழுவிவிட்டு, 800 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்து உரிந்த இடத்தின் விளிம்பைத் தேய்க்கணும். நகத்தால் தடவினால் தடுக்கக் கூடாது. அதுவரை தேயுங்கள். பிறகு 1000 நம்பர். விளிம்பில் வடியும் தண்ணீர் வண்டியின் நிறத்தில் வந்தால் உடனே நிறுத்துங்கள், நிறம் தேய்கிறது என்று அர்த்தம். (வெள்ளை வண்டியில் இந்த அடையாளம் தெரியாது, நிதானம் வேண்டும்.) நிறம் வெளியே தெரியும் நடுப்பகுதியை லேசாகத் தொட்டால் போதும்.

விளிம்பைத் தேய்க்காமல் மேலே அடித்தால் பழையது புதியதையும் சேர்த்துத் தூக்கிவிடும். திட்டுக்கு மட்டும் அடித்தால் வட்டமாகத் தனியாகத் தெரியும். அதனால் பானெட் என்றால் பானெட் முழுக்க லேசாகத் தேய்த்து, துடைத்து, நன்றாகக் காய விட்டு முழுக்க அடியுங்கள்.

கண்ணாடி, விளக்கை எல்லாம் பேப்பர் ஒட்டி மறையுங்கள். காருக்கான கிளியர் ஸ்ப்ரே டின்னை ஒரு அடி தள்ளிப் பிடித்து, மெல்லிசாக 3 தடவை, இடையில் 10 முதல் 15 நிமிஷம் விட்டு அடிக்கணும். கனமாக அடித்தால் வழியும். உச்சி வெயிலில் சூடான தகட்டில் வேண்டாம், புழுதிக் காற்றிலும் வேண்டாம். காலை நேரமே சரி. பட்டறை வேலை அளவுக்கு இது நீடிக்காது, ஆனால் செலவு மிகக் குறைவு.

ஹார்ட்னர் கலந்து அடிக்கும் கிளியரை மட்டும் வீட்டில் தொடாதீர்கள். அதிலுள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரும், சேலைத் தலைப்பால் மூக்கை மூடினால் தடுக்காது. ஸ்ப்ரே டின்னையும் திறந்த வெளியில், அடுப்புக்குத் தள்ளி, பிள்ளைகள் இல்லாத நேரத்தில், மாஸ்க் போட்டுத்தான் அடிக்கணும்.

நம்ம பக்கம் போர் தண்ணி பல இடத்தில் உப்பு. அதில் கழுவி வெயிலில் காயவிட்டால் வெள்ளைக் கறை படியும். கடைசி ஒரு வாளி நல்ல தண்ணி ஊற்றி, உடனே துடைத்துவிடுங்கள்.