தேவனார்ப் புகையும் நம் வீட்டுக் கூடையும்

2016ஆம் ஆண்டுப் பொங்கல் கழிந்து இரண்டு வாரம் சென்றிருக்கும். சனவரி 28ஆம் நாள் காலையில் செம்பூர், கோவண்டி வட்டாரங்களில் வாழும் நம் குடும்பங்கள் பலவும் மூச்சுத் திணறலோடு கண் விழித்தன. யாரோ பக்கத்துத் தெருவில் குப்பையைக் கொளுத்துகிறார்கள் என்றுதான் முதலில் எண்ணினோம். எங்கள் வீட்டுப் பாட்டியார், "போகி போய்ப் பதினைந்து நாளாயிற்றே, இன்னும் யாரடா கொளுத்துகிறார்கள்?" என்று கேட்டார். சன்னல்களை அடைத்தோம், கதவிடுக்கில் ஈரத் துணியைச் செருகினோம். ஆயினும் புகை வந்துகொண்டேயிருந்தது. வீட்டில் அப்போது நான்கு வயதுக் குழந்தை ஒன்று இருந்தது. அன்றிரவு முழுதும் அது இருமிய இருமலை நாங்கள் இன்னும் மறக்கவில்லை.

எரிந்தது தேவனார்க் குப்பை மேடு. அந்தப் புகை விண்ணில் சுற்றும் செயற்கைக்கோளின் படத்திலும் தெளிவாகப் பதிந்தது. சுற்று வட்டாரப் பள்ளிகளை மூடினார்கள். மார்ச்சு மாதத்தில் மீண்டும் ஒரு முறை பெருந்தீ மூண்டது.

அந்நாட்களில் நம்மவர் கூடிய இடமெல்லாம் இதே பேச்சுத்தான். மாநகராட்சியைக் குறை கூறினோம். ஒப்பந்தக்காரர்களைக் குறை கூறினோம். பழைய இரும்புக்காகத் தீ வைக்கிறார்கள் என்று குப்பை பொறுக்கும் ஏழைகளையும் விட்டோமில்லை. ஒன்றை மட்டும் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தீ மூளுவதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் நம் சங்கத்தில் பொங்கல் விருந்து நடைபெற்றது. இலையும் எச்சிலும், நெகிழிக் குவளையும் தண்ணீர்ப் புட்டியும், பாயசம் வழங்கிய காகிதக் கிண்ணமும் ஒன்றாகத் திரட்டப்பட்டுக் கறுப்புப் பைகளில் கட்டப்பட்டன. இரவு பத்து மணிக்கு வண்டி வந்து அவற்றை ஏற்றிச் சென்றது. அவ்வண்டி எங்கே போயிற்று என்று நாம் கேட்கவில்லை.

தேவனாரில் குப்பை கொட்டுவது பிரிட்டிஷார் காலத்திலேயே தொடங்கிவிட்டது. கடலோரச் சதுப்பு நிலம் அது. ஏறத்தாழ 320 ஏக்கர் பரப்பு. ஊருக்கு வெளியே என்று அன்று கருதப்பட்ட இடத்தைச் சுற்றி இன்று ஊரே வளர்ந்து நிற்கிறது. பிற்காலத்தில் நகரத்துக் குப்பையில் பெரும்பகுதி காஞ்சூர்மார்க் தளத்திற்குத் திருப்பிவிடப்பட்டது. ஆயினும் சேர்ந்தது சேர்ந்ததுதானே. 2025இல் அம்மேட்டை அகற்றுவதற்கு மாநகராட்சி ஒப்பந்தப்புள்ளி கோரியபோது காட்டிய கணக்கு ஏறத்தாழ 185 இலட்சம் டன்.

குப்பை ஏன் எரிகிறது என்பதை நம் இல்லத்தரசியர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நன்று. காய்கறித் தோலும் சோறும் காற்றுப் படும் இடத்தில் கிடந்தால் மக்கி மண்ணாகும். அவற்றையே நெகிழிப் பையில் முடிந்து பல அடி ஆழத்தில் புதைத்தால் காற்றில்லாமல் அழுகும். அவ்வாறு அழுகும்போது மீத்தேன் என்னும் வாயு பிறக்கிறது. சாண எரிவாயுக் கலத்தில் உண்டாகி அடுப்பெரிக்க உதவுவதும் இதே வாயுதான். கலத்தில் அடைபட்டிருந்தால் சோறு வேகும். குப்பை மேட்டின் வயிற்றில் தேங்கினால் ஒரு பொறியே போதும். நெகிழி எரிபொருளாக அமைய, உள்ளுக்குள்ளேயே நாட்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். தீப்பற்றாத நாளிலும் அவ்வாயு வானில் கலந்து புவியைச் சூடாக்குகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தை அது தேக்கும் என்பர் அறிவியலார்.

எனவே குற்றம் வாழைக்காய்த் தோலிலும் இல்லை, நெகிழிப் பையிலும் முழுதாக இல்லை. இரண்டையும் ஒன்றாக முடிந்து வெளியே வைக்கும் நம் கையில் இருக்கிறது.

இவ்விடத்தில் நம்மவர் சிலர் ஊர்ப் பெருமை பேசத் தொடங்குவதுண்டு. "எங்கள் பாட்டி காலத்தில் குப்பை என்பதே கிடையாது" என்பார்கள். உண்மைதான், ஆனால் பாட்டி நம்மினும் பெரிய ஞானி என்பது அதற்குக் காரணமன்று. வீட்டின் பின்னே கொல்லை இருந்தது. கழுநீரைக் குடிக்க மாடு இருந்தது. எச்சில் இலை விழ எருக்குழி இருந்தது. கடையில் புளியும் பருப்பும் காகிதப் பொட்டலத்தில் வந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, அன்று பாலித்தீன் பை வீடுகளுக்கு வந்திருக்கவில்லை. வந்திருந்தால் பாட்டியும் அதைக் கொல்லையிலேதான் வீசியிருப்பார். இன்று விடுமுறைக்கு ஊர் செல்லும்போது குளக்கரையையும் வாய்க்காலையும் பாருங்கள், அது விளங்கும். ஆகவே பாட்டியை விட்டுவிடுவோம். நான்காம் மாடியில், கொல்லையும் மாடும் இல்லாத இரண்டு அறை வீட்டில், நாம் என்ன செய்யலாம் என்பதே கேள்வி.

சட்டம் தன் பங்கைச் சொல்லித்தான் இருக்கிறது. 2016 ஏப்பிரலில் மத்திய அரசு வெளியிட்ட திடக்கழிவு விதிகள், ஈரக் குப்பை, உலர் குப்பை, தீங்கு தரும் வீட்டுக் கழிவு என மூன்றாகப் பிரித்துத் தருவது வீட்டாரின் கடமை என்றன. 2017 அக்டோபர் முதல், நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் ஈரக் குப்பை சேரும் பெரிய குடியிருப்புகள் அதைத் தம் வளாகத்திலேயே மக்கச் செய்ய வேண்டும் என்று மும்பை மாநகராட்சி கூறியது. 2018இல் மகாராட்டிர அரசு நெகிழிப் பைகளைத் தடை செய்தது. 2022 சூலை முதல் நாளிலிருந்து ஒருமுறை மட்டும் பயன்படும் நெகிழிப் பொருள்கள் பலவற்றுக்கு நாடு முழுவதும் தடை வந்தது. சந்தைக்குச் சென்று பார்த்தால் தடை எந்த அளவு நடக்கிறது என்பது தெரியும். அதைப் பற்றி இங்கே விரிப்பானேன்.

எங்கள் கட்டடத்தில் பச்சைக் கூடை, நீலக் கூடை என இரண்டு வந்தன. "ஓலா கச்சரா", "சுக்கா கச்சரா" என்று மராத்தியில் எழுதி ஒட்டினார்கள். ஓலா என்றால் ஈரமானது. முதல் வாரம் ஒரு பெரியவர், வாடகைக் கார் நிறுவனம் எதற்காகக் குப்பைக் கூடை வழங்குகிறது என்று மெய்யாகவே வினவினார். சுக்கா என்பதில் நமக்குத் தொல்லையில்லை. சுக்கு என்றால் காய்ந்தது என்பதைத் தமிழருக்குச் சொல்லித்தர வேண்டுமா?

பிரிப்பதோடு நில்லாமல், ஈரக் குப்பையை வீட்டிலேயே உரமாக்குவோம் என்று நாங்கள் ஆறு குடும்பத்தார் துணிந்தோம். முதல் முயற்சி படுதோல்வி. அடியில் துளையிட்ட பழைய நெகிழி வாளியொன்றில் ஒரு வாரம் எல்லாவற்றையும் கொட்டினோம். எட்டாம் நாள் மூடியைத் திறக்க இயலவில்லை. நாற்றம் ஒரு பக்கம், நெளியும் புழு ஒரு பக்கம். அடுத்த வீட்டார் சங்கச் செயலரிடம் முறையிட்டார்கள். கட்டடக் கூட்டத்தில் எங்களைக் குற்றவாளிகளைப் போல் நிறுத்தி வைத்தார்கள். ஆறு குடும்பங்களில் நான்கு அன்றே கழன்றுகொண்டன. அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

பிழை எங்கே என்பது பிறகு விளங்கிற்று. நம் சமையல் நீர்ச் சமையல். வடக்கத்தியார் வீட்டில் காய்ந்த ரொட்டி மிஞ்சும். நம் வீட்டில் மிஞ்சுவது சாம்பார்ச் சோறு, இரசத்து மண்டி, மோர்ச் சாதம், வடிகட்டிய காப்பித்தூள். இவ்வளவு ஈரம் இருந்தால் காற்று புகாது. காற்று புகாவிட்டால் மக்குவதற்குப் பதிலாக அழுகும். தேவனாரில் நிகழ்ந்ததையே எங்கள் வாளியிலும் சிறிய அளவில் நிகழ்த்தியிருந்தோம்!

மாற்றுவழி எளியது. எந்த ஈரப் பொருளைப் போட்டாலும் அதன் அளவுக்குக் குறையாமல், கூடுமானால் அதைவிடச் சற்று மிகுதியாக, உலர்ந்த பொருளையும் போட வேண்டும். சருகு மிக நன்று. கட்டட வளாகத்தில் பெருக்கித் தள்ளும் சருகைக் கேட்டால் மகிழ்ந்து கொடுப்பார்கள். தென்னை நார்த்தூள் நீரை உறிஞ்சிக்கொள்ளும். கிழித்த செய்தித்தாளும் ஆகும். சோற்றையும் குழம்பையும் வடிதட்டில் இட்டு நீர் இறங்கிய பின்பே சேர்க்க வேண்டும். காய்த்தோலைச் சற்றே நறுக்கினால் விரைவில் மக்கும். கறிவேப்பிலைக் காம்பு, முருங்கைக் கீரைக் காம்பு எல்லாம் போகலாம்; மக்கச் சற்று நாளாகும். தேங்காய் ஓடு வேண்டா. அது ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். பொரித்த எண்ணெய், மீன் முள், எலும்பு ஆகியவற்றைச் சிறு தொட்டியில் இடாதிருப்பதே நலம்.

தொட்டியின் அடியிலும் பக்கத்திலும் துளை இருத்தல் வேண்டும். மண் தொட்டி நெகிழி வாளியை விடச் சிறந்தது. தொடக்கத்தில் இரண்டு கைப்பிடி பழைய உரத்தையோ தோட்ட மண்ணையோ தூவினால் நுண்ணுயிர்கள் பெருகும். புளித்த மோரைத் தெளிப்பவர்களும் உண்டு. வாரம் இருமுறை கிளறிவிடுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பார்த்தால், பிழிந்த துணியைப் போல் ஈரம் இருக்க வேண்டுமேயன்றி நீர் ஒழுகலாகாது. ஒழுகினால் சருகு சேர்த்தல், வறண்டிருந்தால் சிறிது நீர் தெளித்தல், இவ்வளவே மருத்துவம். புழுவைக் கண்டு அஞ்ச வேண்டா. பெரும்பாலும் அவை கருநிற ஈயொன்றின் புழுக்கள். குப்பையைத் தின்று தீர்ப்பதன்றி வேறு தீங்கு செய்வதில்லை. ஆனால் அவை மிகுந்தால் ஈரம் மிகுந்துவிட்டது என்று அறிக. சூன் முதல் செப்டம்பர் வரை மும்பை மழையில் தொட்டியைக் கூரையின் கீழ் வைப்பதும், சருகைக் கோடையிலேயே சாக்கில் கட்டிச் சேமிப்பதும் இன்றியமையாதவை. எங்களுக்கு இது இரண்டாம் ஆண்டில்தான் உறைத்தது.

தொட்டி நிரம்பியபின் மூடி வைத்து இரண்டு திங்கள் காத்திருந்தால், கறுத்து உதிர்ந்து மழைபெய்த மண்ணைப்போல் மணக்கும் உரம் கிடைக்கும். நாங்கள் ஒரு வாரம் நிறுத்துப் பார்த்தோம். நால்வர் கொண்ட எங்கள் குடும்பத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ முக்கால் கிலோ ஈரக் குப்பை சேர்கிறது. அவ்வளவும் இப்போது வாயிற்படியைத் தாண்டுவதில்லை. எங்கள் கறிவேப்பிலைச் செடி அதற்குச் சான்று. கூட்டத்தில் முறையிட்ட அதே அடுத்த வீட்டார்தாம் வாரம் தவறாமல் அதில் ஒடித்துச் செல்கிறார்கள்.

உலர் குப்பையைப் பற்றிச் சுருங்கச் சொல்லலாம். பால் பையை ஒரு முறை அலசிக் காயவைத்துச் சேருங்கள். அதன் முனையை வெட்டும்போது முழுதும் துண்டித்துவிடாமல் தொங்கவிடுங்கள். அந்தச் சிறு துண்டு எவர் கையிலும் அகப்படாமல் சாக்கடைக்கே போகிறது. அலசிய பைக்கு விலை உண்டு; எச்சில் படிந்ததற்கு இல்லை. இவ்வாறு சேரும் நெகிழியில் ஒரு பகுதி நம்மவர் பல்லாயிரவர் வாழும் தாராவிக்குத்தான் செல்கிறது. அங்கே பதின்மூன்றாம் காம்பவுண்டு எனப்படும் பகுதியில் நிறம் நிறமாய்ப் பிரித்து, கழுவி, நொறுக்கி, மீண்டும் மூலப்பொருளாக்குகிறார்கள். நாம் அலசாததை அவர்கள் அலசுகிறார்கள்.

நிற்க. எங்கள் மாடிக்குக் குப்பை எடுக்க வரும் அம்மையாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் அவரைத் "தாயீ" என்று அழைப்போம். மராத்தியில் அதற்கு அக்கா என்று பொருள். நம் செவிக்குத் தாய் என்றே விழுகிறது. கூடை பிரிக்கத் தொடங்கிய முதற்கோடையில் ஒரு நாள் அவருக்கு மோர் கொடுத்தோம். வாங்கிய கையின் குறுக்கே நீண்ட தழும்பு இருந்தது. என்ன என்று கேட்டோம். உடைந்த கண்ணாடிக் குவளையைச் சோற்றோடு பையில் முடிந்து போட்டிருந்தார்களாம். பைக்குள் கைவிட்டுப் பிரித்தபோது கிழித்துவிட்டது. எந்த வீடு என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. "கண்ணாடி உடைந்தால் காகிதத்தில் சுற்றித் தனியாகக் கையில் கொடுங்கள், அக்கா" என்றார். எங்கள் வீட்டுப் பெண்கள் அன்று முதல் உடைந்த கண்ணாடி, சவரத் தகடு, பயன்படுத்திய மாதவிடாய்த் துணி, காலாவதியான மருந்து ஆகியவற்றைத் தனித்தனியே செய்தித்தாளில் சுற்றிச் சிவப்பு மையால் குறியிட்டுக் கொடுத்து வருகிறார்கள். குப்பை பொறுக்கும் பெண்களுக்குப் பயிற்சி தந்து, அவர்களைக் கொண்டே உரம் தயாரிக்கும் பணியை இந்நகரில் ஸ்திரீ முக்தி சங்கட்டனா என்னும் மகளிர் அமைப்பு நெடுங்காலமாகச் செய்து வருகிறது. பெரிய குடியிருப்புகளில் உள்ள அன்பர்கள் அத்தகையோரின் உதவியை நாடலாம்.

இனிச் சங்கத்து விருந்துக்கு வருவோம். சென்ற ஆண்டு எவர்சில்வர்க் குவளை வைத்தோம். கழுவ ஆளில்லை என்று முணுமுணுப்பு எழுந்தது. கழுவியவர்கள் மூவர், குடித்தவர்கள் நானூற்றுவர் என்பதால் அம்முணுமுணுப்பில் நியாயமும் இருந்தது. இலை மட்டும் இன்னும் சிக்கலாகவே உள்ளது. வாழையிலை மக்கும் பொருள்தானே என்று இருந்துவிட்டோம். ஊறுகாய் உறை, காகிதக் கிண்ணம், மிச்சப் பாயசம் எல்லாவற்றையும் உள்ளே வைத்து மடித்துவிட்டால் அவ்விலையால் என்ன பயன்? தோட்டத்துத் தொட்டிக்குப் போக வேண்டியவற்றில் பாதியைத் திரும்பவும் வண்டியில்தான் ஏற்றினோம்.

வரும் பொங்கலன்று கை கழுவும் இடத்தருகே இரண்டு பீப்பாய்கள் இருக்கும். இலையும் சோறும் பச்சை நிறத்ததில். மற்றவை நீல நிறத்ததில். இலையைக் கிழித்துப் போடவும், மறந்து மடித்தவர்களுக்கு இன்சொல்லால் நினைவூட்டவும் பந்திக்கு இருவர் வேண்டும். குவளை கழுவ இம்முறை எண்மரேனும் வேண்டும். ஆடவர் நால்வர் இருந்தால் நலம். பெயர் தர விரும்புவோர் மார்கழி இறுதிக்குள் சங்க அலுவலகத்தில் எழுதிவிடக் கோருகிறோம். வீட்டில் சருகுச் சாக்கு மிகுதியாக வைத்திருப்பவர்கள் இரண்டொன்றைக் கொண்டுவந்து தந்தால், அன்று மாலையே தொட்டியை நிரப்பிவிடலாம்.