சொல் சான்றாகும் முறை: இலங்கையின் குற்றவியல் நீதிமன்றங்கள் பற்றிய ஒரு நோக்கு

நீதிமன்றத்தைப் பற்றி நம்மிடையே இரு வகையான எண்ணங்கள் நிலவுகின்றன. வர்க்க நலன்களுக்கு அப்பாற்பட்டு நின்று உண்மையைக் கண்டறியும் நடுநிலை நிறுவனம் அது என்பது ஒன்று. ஆளும் வர்க்கத்தின் கையிலுள்ள கருவியே அது, ஆகவே அதன் நடைமுறை விதிகளை ஆராய்வது வீண்வேலை என்பது மற்றொன்று. முன்னதைச் சட்டப் பாடநூல்களிலும் பின்னதை முற்போக்கு மேடைகளிலும் நாம் சந்திக்கின்றோம். ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினும், நீதிமன்றம் எவ்வாறு இயங்குகின்றது என்ற வினாவை எழுப்பாமலே விடை கூறிவிடுவதில் இரண்டும் ஒத்தவையே.

இலக்கிய மாணவர்களாகிய நாம் இவ்வினாவை அணுகுவதற்கு ஒரு நியாயமுண்டு. குற்றவியல் வழக்கு என்பது பெரும்பாலும் சொற்களாலேயே நடைபெறும் காரியமாகும். முறைப்பாடு, வாக்குமூலம், சாட்சியம், குறுக்கு விசாரணை, தீர்ப்பு ஆகிய யாவும் சொற்களே. ஒருவரது வாய்ச்சொல் பல கைகளினூடாகச் சென்று எழுத்தாகின்றது. அவ்வெழுத்து இறுதியில் அவரது உடலின் மீதே அதிகாரம் பெறுகின்றது. அதனை எழுதியவர் யார், எந்த மொழியில் எழுதினார், எந்த விதிக்கு அமைய எழுதினார் என்ற மூன்று கேள்விகளையும் துணையாகக் கொண்டு நமது குற்றவியல் நீதிமுறையை இங்கு நோக்குவோம்.

வரலாற்றுப் பின்னணி

இன்றுள்ள முறைமையின் அடித்தளம் குடியேற்ற ஆட்சிக் காலத்துக்குரியது. எவை குற்றங்கள் என்பதை வரையறுக்கும் தண்டனைச் சட்டக் கோவை 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகும். மெக்காலே வரைந்த நகலின் அடியாகப் பிறந்த 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பின்பற்றி அது ஆக்கப்பட்டது. எவை சான்றாகும் என்பதை வகுக்கும் 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டமும், ஸ்டீபன் வரைந்த 1872ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டதே. சுதந்திரத்திற்குப் பின்னர் நீதிமன்ற அமைப்பு சிலமுறை மாற்றப்பட்டது. 1973ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டம் அமைப்பையும் நடைமுறையையும் ஒருங்கே திருத்தியது. அதன் இடத்தை 1978ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டமும் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைக் கோவைச் சட்டமும் எடுத்துக்கொண்டன. ஆயினும் மேற்கூறிய இரண்டு பழைய கட்டளைச் சட்டங்களும் திருத்தங்களுடன் நிலைத்து நிற்கின்றன.

எது குற்றம் என்பது எக்காலத்துக்கும் பொதுவான ஒன்றன்று. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டத்தின் கீழ், அறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்கிய தோட்டத் தொழிலாளி சிறைத் தண்டனைக்குரிய குற்றவாளியானார். ஒப்பந்தத்தை மீறுவது பிறருக்கு நட்டஈட்டு வழக்காக, தொழிலாளிக்கோ குற்றமாக அமைந்தது. இத்தண்டனை ஏற்பாடுகள் 1920களின் முற்பகுதியிலேயே நீக்கப்பட்டன. விறகு பொறுக்குவதைத் திருட்டாக்கிய சட்டம் பற்றி இளம் மார்க்ஸ் 1842இல் எழுதிய கட்டுரைகளைக் கற்றோருக்கு இதன் தருக்கம் புதியதாக இராது. எனினும் சட்டத்தின் உள்ளடக்கத்தை மட்டும் கண்டு நின்றுவிடலாகாது. அச்சட்டம் ஒரு மனிதரை எட்டும் வழியையும் காணவேண்டும்.

பொலிஸ் நிலையமும் நீதவானும்

வழக்கு பொலிஸ் நிலையத்தில், முறைப்பாட்டுப் புத்தகத்தில் தொடங்குகின்றது. முறைப்பாட்டாளர் பேசுகின்றார், பொலிஸ் உத்தியோகத்தர் எழுதுகின்றார். சொன்னவற்றுள் எது முக்கியம், எது விடத்தக்கது என்பதை எழுதுபவரே பெரிதும் தீர்மானிக்கின்றார். இதனாற்போலும், பொலிஸார் பதியும் வாக்குமூலத்துக்குச் சட்டம் கடுமையான எல்லைகளை விதித்துள்ளது. சாட்சியின் வாக்குமூலத்தை, அவர் பின்னர் மன்றில் கூறுவதற்கும் அதற்குமுள்ள முரண்பாட்டைக் காட்டப் பயன்படுத்தலாம். அதுவே தனித்துச் சான்றாகாது. சந்தேகநபர் பொலிஸாரிடம் செய்யும் குற்ற ஒப்புதலைப் பொறுத்தவரை விதி இன்னும் தெளிவானது. சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி அவ்வொப்புதலை அவருக்கெதிராக நிரூபிக்க இயலாது. பொலிஸ் நிலையத்தின் நான்கு சுவர்களுக்குள் ஒருவர் கூறுவது சுயவிருப்பின்பாற்பட்டதாக இராது என்பதைக் குடியேற்ற ஆட்சியின் சட்டமே ஏற்றுக்கொண்டது என்பது மனங்கொள்ளத்தக்கது.

கைதானவரைப் பொது விதியின்படி, பயண நேரம் நீங்கலாக, 24 மணித்தியாலங்களுக்குள் நீதவான் முன்னிலையில் ஆஜர்செய்ய வேண்டும். நீதவான் அவரைப் பிணையில் விடலாம், விளக்கமறியலிலும் வைக்கலாம். பிணை வழங்குவதே விதி, மறுப்பது விதிவிலக்கு என்று 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம் கூறுகின்றது. கொலை போன்ற, மரண தண்டனைக்குரிய குற்றங்களில் பிணை வழங்கும் அதிகாரம் மேல் நீதிமன்றத்துக்கே உரியது. ஏனையவற்றில் நீதவான் பிணை வழங்கினாலும் பிணையாளிகளைத் தேடித் தரும் பொறுப்பு கைதானவருடையது. நிலையான முகவரியும் வருமானமும் உள்ள உறவினரைக் கொண்டவர் அன்று மாலையே வீடு திரும்புகின்றார். அத்தகைய உறவினர் இல்லாத நாட்கூலியாளர், பிணை வழங்கப்பட்ட பின்னரும் தவணைக்குத் தவணை சிறைக்கூடத்துக்கே மீள்கின்றார். சட்டம் இருவரையும் சமமாகவே நடத்தியது. வேறுபாடு அவர்கள் மன்றுக்குள் நுழையுமுன்பே இருந்தது.

நீதவான் நீதிமன்றம் சிறு குற்றங்களைச் சுருக்கமுறையில் விசாரித்து முடிக்கின்றது. வேறொரு சட்டம் கூடிய அதிகாரம் அளித்தாலன்றி, அது விதிக்கக்கூடிய சிறைத்தண்டனை இரண்டு ஆண்டுகளை மீறாது. பெரும்பாலான குடிமக்கள் காணும் நீதிமன்றம் இதுவே. குற்றச்சாட்டு வாசித்து விளக்கப்பட்டதும் எதிரி 'குற்றவாளி' அல்லது 'சுற்றவாளி' என்று கூறவேண்டும். இவ்வொரு சொல்லில் பொருளாதாரக் கணக்கு ஒன்று அடங்கியுள்ளது. சுற்றவாளி என்றால் தவணைகள் பல. ஒவ்வொரு தவணையும் ஒரு நாட் சம்பளம், பேருந்துக் கட்டணம், சட்டத்தரணியின் கட்டணம். குற்றவாளி என்றால் அன்றே தண்டப்பணத்துடன் முடிந்துவிடலாம். எனவே செய்யாத குற்றத்தை ஏற்பது சிலருக்கு மலிவானதாகி விடுகின்றது. அத்தண்டப்பணத்தையும் செலுத்த இயலாதவர் அதற்கு ஈடாகச் சிறைசெல்கின்றார். தண்டனை பெற்றுச் சிறைபுகுவோருள் தண்டப்பணம் கட்டத் தவறியோரே பெருந்தொகையினர் என்பதைச் சிறைச்சாலைத் திணைக்களத்தின் புள்ளிவிபரங்கள் ஆண்டுதோறும் காட்டிவந்துள்ளன. தண்டனையைக் காலத்தால் அளக்கும் முறை, உழைப்பைக் காலத்தால் அளந்து பரிமாறும் சமூகத்துக்கே உரியது என்று 1924இல் பசுக்கானிஸ் வாதித்தார். பணத்துக்குப் பதிலாக நாட்கள் என்ற இக்கணக்கிற் போல் அவ்வாதம் வேறெங்கும் வெளிப்படையாய்த் தெரிவதில்லை.

மேல் நீதிமன்றமும் யூரியும்

பாரதூரமான குற்றங்கள் மேல் நீதிமன்றத்தில் விசாரிக்கப்படுகின்றன. கொலை போன்றவற்றில் நீதவான் முதலில் சுருக்கமுறையற்ற விசாரணை நடத்துவார். பின்னர் சட்டமா அதிபர் குற்றப்பத்திரத்தைத் தாக்கல் செய்வார். வழக்குத் தொடுப்பதா, கைவிடுவதா என்ற இவ்வதிகாரம் முறைமையின் மையத்தில் அமைந்துள்ளது. சட்டத்தரணியை அமர்த்த வசதியற்ற எதிரிக்கு மன்றே ஒருவரை நியமிக்கின்றது. குற்றத்தை நியாயமான ஐயத்துக்கு அப்பால் நிரூபிக்கும் சுமை வழக்குத் தொடுநருடையது. எதிரி மௌனமாயிருக்கலாம், சத்தியம் செய்து சாட்சியமளிக்கலாம், சத்தியமின்றிக் கூட்டில் நின்றபடி கூற்றொன்றைச் செய்யவும் அவருக்கு உரிமையுண்டு. குறுக்கு விசாரணைக்கு உட்படாத இக்கூற்றினை நமது நீதிமன்றங்கள் சான்றாக ஏற்று, அதன் குறைபாடுகளையும் கருத்திற்கொண்டு மதிப்பிட்டு வந்துள்ளன. வழக்கு முழுவதிலும் எதிரி எவருடைய கேள்விக்கும் உட்படாது தன் கதையைத் தானே சொல்லும் ஒரே இடம் இதுவெனலாம்.

மொழிப் பிரச்சினை இவ்விடத்தில் கூர்மையடைகின்றது. 1961ஆம் ஆண்டின் நீதிமன்ற மொழிச் சட்டம் சிங்களத்தை நீதிமன்ற மொழியாக்கியது. 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தத்திற்குப் பின்னர் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை சிங்களத்தையும் தமிழையும் நாடெங்கும் நீதிமன்ற மொழிகளெனக் கூறுகின்றது. ஆனால் பதிவேட்டின் மொழி, அவ்வப் பிரதேசத்தின் நிருவாக மொழியாகும். அம்மொழியை அறியாதவருக்கு உரைபெயர்ப்புப் பெறும் உரிமையுண்டு. ஆகவே பதிவு சிங்களத்திலுள்ள மன்றில் தமிழ்ச் சாட்சி கூறுவது ஏட்டில் ஏறும்போது உரைபெயர்ப்பாளரின் சொல்லாகவே ஏறுகின்றது. மேன்முறையீட்டு நீதியரசர்கள் சாட்சியைக் காண்பதில்லை, அவ்வேட்டையே காண்கின்றனர்.

யூரி விசாரணையில் நிலைமை மேலும் சிக்கலானது. எழுவர் கொண்ட யூரியில் ஐந்துக்கு இரண்டு என்ற பெரும்பான்மை முடிவுக்குப் போதும். ஆங்கிலம், சிங்களம், தமிழ் பேசுவோரின் பட்டியல்களுள் எதிலிருந்து யூரி அமையவேண்டும் என்பதைத் தெரிவுசெய்பவர் எதிரியே. தனிமனிதரை அரசின் வலிமைக்கெதிராகக் காக்கும் நோக்கில் இவ்வுரிமை நியாயமானது. ஆனால் எதிரிகள் அரச படையினராகவும் கொல்லப்பட்டோர் தமிழராகவும் அமையும்போது, அதே விதி வேறொரு விளைவைத் தருகின்றது. 1996இல் நிகழ்ந்த குமாரபுரம் படுகொலை வழக்கில் அநுராதபுர மேல் நீதிமன்ற யூரி 2016 ஜூலையில் ஆறு இராணுவத்தினரையும் விடுவித்தது. 2006இல் கொல்லப்பட்ட பாராளுமன்ற உறுப்பினர் ரவிராஜின் வழக்கில், சிங்களம் பேசும் யூரி 2016 டிசம்பரில் எதிரிகள் ஐவரையும் விடுவித்தது. யூரியினரின் நேர்மையை ஐயுறுவது நமது நோக்கமன்று. தமது உறவினரின் மரணம் பற்றிய தீர்ப்பு, தாம் பேசும் மொழியை நேரே விளங்காதோரிடமிருந்து வரும்போது, அதனை நீதியென ஏற்பதற்கு அம்மக்களுக்கு எந்த வழி திறந்திருந்தது என்பதே வினா.

லெனாட் வூல்ப் 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்து வழக்குகளையும் விசாரித்தவர். 1913இல் வெளிவந்த அவரது நாவலில், காட்டுக் கிராமத்தவனான பாபுன் பொய்க் குற்றச்சாட்டில் ஆங்கிலேய நீதிபதியின்முன் நிறுத்தப்படுகின்றான். நீதிபதி கொடியவராகச் சித்திரிக்கப்படவில்லை, விதிகளும் மீறப்படவில்லை. ஆயினும் நடப்பது இன்னதென்று விளங்காத அவன் சிறைசெல்கின்றான். விளங்காமையை ஒரு தனிமனிதரின் அறியாமையாகக் கொள்ளாது, நிறுவனத்தின் இயல்பாகக் கண்டமையே அந்நாவலின் சிறப்பாகும்.

விதி நீக்கப்பட்டபோது

இதுவரை கூறியவற்றிலிருந்து, விதிகளால் பயனில்லை என்ற முடிவுக்கு வருவது எளிது. அம்முடிவு தவறானது என்பதற்கு 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் சான்றாகும். தற்காலிக ஏற்பாடாக வந்த அச்சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. அமைச்சரின் கட்டளையில் ஒருவரைப் பதினெட்டு மாதங்கள்வரை தடுத்துவைக்க அது இடமளித்தது. 2022ஆம் ஆண்டின் திருத்தம் இதனைப் பன்னிரண்டு மாதங்களாக்கியது. எனினும் நமது நோக்கில் முதன்மை பெறுவது 16ஆம் பிரிவு. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்திற் குறையாத உத்தியோகத்தரிடம் செய்யப்பட்ட குற்ற ஒப்புதல் அப்பிரிவின்படி சான்றாகும். அது வற்புறுத்திப் பெறப்பட்டதென்பதைக் காட்டும் சுமையும் எதிரியின் தலையில் ஏற்றப்பட்டது. 1895இன் சட்டம் அடைத்து வைத்த கதவை 1979இன் சட்டம் திறந்துவிட்டது.

இதன் விளைவைச் சிங்கராசா வழக்கிற் காணலாம். தமிழ் மட்டுமே பேசிய அவர் கூறியதாகச் சொல்லப்பட்டது சிங்களத்தில் எழுதப்பட்டது. உரைபெயர்த்தவர் ஒரு பொலிஸ் கான்ஸ்டபிள். அவ்வெழுத்தின் அடியில் சிங்கராசாவின் பெருவிரல் அடையாளம் இடப்பட்டது. அவ்வொப்புதலைக் கொண்டே கொழும்பு மேல் நீதிமன்றம் 1995இல் 50 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. மேன்முறையீட்டில் அது 35 ஆண்டுகளாயிற்று. நீதியான விசாரணைக்கான அவரது உரிமை மீறப்பட்டதென ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு 2004இல் கண்டது. அக்குழுவின் கருத்து நமது நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாதென உயர் நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது. தொடக்கத்தில் நாம் எழுப்பிய மூன்று கேள்விகளும் இவ்வழக்கில் ஒன்றாகச் சந்திக்கின்றன. எழுதியவர் பொலிஸார், மொழி எதிரிக்குப் புரியாதது, காக்கவேண்டிய விதி முன்னரே நீக்கப்பட்டிருந்தது.

முற்போக்காளர் கொள்ளவேண்டிய நிலைப்பாடு

இங்கிலாந்தின் 1723ஆம் ஆண்டுக் கறுப்புச் சட்டத்தை ஆராய்ந்து 1975இல் ஈ. பி. தொம்சன் வெளியிட்ட நூல், மார்க்சியர் பலரைச் சினங்கொள்ளச் செய்தது. சட்டம் ஆளும் வர்க்கத்துக்குப் பணிபுரிகின்றது என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் நீதியானதாகத் தோன்றினாலன்றிச் சட்டம் அப்பணியைச் செய்யவியலாது. அவ்வாறு தோன்றுவதற்கு அது சிலவேளைகளில் நீதியாக இருந்தேயாக வேண்டும். அவ்வகையில் அதிகாரத்தின் கையையும் அது கட்டுகின்றது என்பது அவர் கண்ட முடிவு. இலங்கையின் அனுபவம் இம்முடிவுக்கு அரண்செய்கின்றது. 25ஆம் பிரிவு வெறும் மேற்பூச்சாக இருந்திருப்பின், அதனை ஒதுக்கிவைக்க அரசுக்குப் புதியதொரு சட்டம் தேவைப்பட்டிராது.

எனவே நடைமுறை விதிகளைப் பற்றிய அறிவைச் சட்டத்தரணிகளின் தொழில் இரகசியமாக விட்டுவிடுதல் தகாது. கைதானவர் தம் மொழியில் எழுதப்படாத வாக்குமூலத்தில் ஒப்பமிட மறுக்கும் உரிமை, பொலிஸாரைச் சாராத உரைபெயர்ப்பாளர், வறியவர் தரக்கூடிய பிணை, வருமானத்துக்கேற்ற தண்டப்பணம், பாதிக்கப்பட்டோரின் மொழியும் கருதப்படும் யூரித் தெரிவு ஆகியன சமூக மாற்றத்துக்கு ஈடானவையல்ல. ஆயினும் அம்மாற்றம் வரும்வரை சிறைக்கூடத்தில் காத்திருப்போர் நாமல்லர் என்பதை மறவாதிருத்தல் வேண்டும். நாம் எழுதும் தமிழில் இவ்விதிகளை எல்லோருக்கும் விளங்கும்வண்ணம் எடுத்துரைப்பது, பல்கலைக்கழகத் தமிழியலாளர் இன்றே மேற்கொள்ளக்கூடிய பணியாகும்.