"ஃபீல் இல்ல"ன்னு சொல்றதுக்குப் பதிலா

ஏரியல் நடன வகுப்பில் நான் அதிகம் வாங்கிய விமர்சனம் இதுதான்: "எல்லாம் சரியாத்தான் பண்ற, ஆனா ஃபீல் இல்ல." கூரையிலிருந்து தொங்கும் துணியில் ஏறி, காலில் சுற்றி, தலைகீழாகத் தொங்கி இறங்கி வந்தவளிடம் இப்படிச் சொன்னால் என்ன செய்வாள்? அடுத்த தடவை முகத்தில் கொஞ்சம் சோகத்தைக் கூட்டினேன். அவ்வளவு உயரத்தில் இருக்கிற முகம் கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சரியாகத் தெரியாது என்பது அப்புறம்தான் உறைத்தது.

முகம் இல்லை என்றால் உணர்ச்சி எங்கேதான் இருக்கு? இதற்கு எனக்கு உதவியது லாபான் அசைவுப் பகுப்பாய்வு. ருடால்ஃப் லாபான் (1879–1958) நடன அசைவுகளைக் குறியீடாக எழுதும் முறையை 1928-இல் வெளியிட்டவர். பிறகு இங்கிலாந்தில் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் அசைவுகளையும் கவனித்தார். என்ன அசைவு என்பதோடு, அது எப்படிச் செய்யப்படுகிறது என்பதையும் பார்த்தார். அதற்கு நான்கு அளவுகோல்கள்: எடை (அழுத்தமா, மென்மையா), நேரம் (சட்டென்றா, நீட்டியா), வெளி (ஒரே குறியை நோக்கியா, சுற்றிலும் பரந்தா), ஓட்டம் (கட்டுக்குள்ளா, தடையின்றியா).

தரையில் ஆடுபவருக்கு நான்குமே கைவசம். அந்தரத்தில் கதை வேறு. துணியைப் பிடித்திருக்கும் கை மென்மையாக இருக்க முடியாது. தடையற்ற ஓட்டம் என்றால் நினைத்த நொடியில் நிறுத்த முடியாத அசைவு. பிடித்த கைக்கு அது ஆபத்து. அதனால் உடம்பை இரண்டாகப் பிரித்துப் பார்க்கப் பழகினேன்: தாங்கும் பகுதி, பேசும் பகுதி. கையும் துணி சுற்றிய காலும் தாங்கட்டும். கழுத்து, முதுகு, சும்மா இருக்கும் கால் இவை பேசட்டும். பயத்தில் தாங்கும் கையின் இறுக்கம் உடம்பு முழுக்கப் பரவிவிடுகிறது. "ஃபீல் இல்ல" என்று ஆசிரியர் கண்ணில் பட்டது பெரும்பாலும் இந்த இறுக்கம்தான்.

அடுத்தது 'டிராப்', அதாவது சுற்றை அவிழ்த்துக்கொண்டு விழுவது. கைதட்டல் அதற்குத்தான். ஆனால் 2 மீட்டர் தடையில்லாமல் விழ சுமார் 0.64 விநாடி ஆகும். யார் விழுந்தாலும் அதே 0.64 விநாடி. அங்கே வேகத்தைத் தேர்ந்தெடுப்பது புவியீர்ப்பு, நாமில்லை. நம் கையில் இருப்பது அதற்கு முன்னும் பின்னும்தான். நீண்ட நேரம் தயங்கிவிட்டு விழுந்தால் அது ஒரு முடிவு. பேச்சின் நடுவே விழுந்தமாதிரி விழுந்தால் விபத்து. விழுந்தபின் உடனே ஏறினால் பிடிவாதம். டிராப் ஒன்றுதான், கதை மூன்று.

இப்போது புதியவர்களுக்குச் சொல்லித்தரும்போது முதலில் டிராப்பைத் தொடுவதே இல்லை. தரையை ஒட்டிய உயரத்தில், நன்றாகக் கைவந்த சாதாரண ஏற்றத்தையே மூன்று முறை செய்யச் சொல்வேன். முதல் முறை கை சட்டென்று மேலே போகணும். இரண்டாவது முறை அதே கை மெதுவாக நீளணும். மூன்றாவது முறை பார்வை ஒரு புள்ளியில் நிற்காமல் அறை முழுக்க அலையணும். பார்ப்பவர்கள் "சூப்பர்" என்று சொல்லக் கூடாது. எந்த இடத்தில் நேரம் மாறியது, எங்கே மூச்சு நின்றது என்று மட்டும் சொல்லணும். மூச்சுக்குத் தனிக் கவனம் உண்டு. லாபானின் மாணவியும், நியூயார்க்கில் போலியோ நோயாளிகளுக்கு இயன்முறை சிகிச்சை அளித்தவருமான இர்ம்கார்ட் பார்டெனியெஃப் அசைவுப் பயிற்சியை மூச்சிலிருந்துதான் தொடங்கினார்.

இந்த நான்கு சொற்கள் யாரையும் கலைஞராக்கிவிடாது. தாளம் தெரிந்தவரெல்லாம் பாடகர் ஆகிவிடுவதில்லையே. ஆனால் "ஃபீல் இல்ல" என்பது ஆளைப் பற்றிய தீர்ப்பு. கேட்டவர் தனக்குத் திறமையே இல்லை என்று வீட்டுக்குப் போவார். "மூன்றாவது எட்டில் கழுத்து இறுகிடுச்சு, அங்கே மூச்சை விட்டுப் பாருங்க" என்பது செய்யக்கூடிய வேலை. கேட்டவர் மறுபடி துணியைப் பிடிப்பார்.