ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஓர் இரவு தங்கிப் பாருங்கள்!

பெங்களூரில் இருந்து காலையில் பஸ் ஏறுகிறவர்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தை எப்படிப் பார்க்கிறார்கள்?

ரங்கநாதர் கோவிலில் ஒரு கும்பிடு. திப்பு சுல்தான் சமாதியின் முன்பு ஒரு போட்டோ. தரியா தௌலத் மாளிகையில் அரை மணி நேரம். அதோடு சரி! மாலையில் பிருந்தாவனம் தோட்டத்து வண்ண விளக்குகளைப் பார்த்தாக வேண்டுமே! இரவுப் படுக்கை 15 கிலோ மீட்டர் தள்ளி மைசூரில்.

மைசூரில் ராஜா வீட்டு விருந்தாளி போலத் தங்க இடம் உண்டு. வைசிராய் தங்குவதற்காக 1921-ல் எழும்பிய லலித மகால் அரண்மனை, 1974-ல் ஓட்டல் ஆயிற்று. மகாராஜாவின் ஆங்கிலேய விருந்தினர்களுக்காக 1920-ல் கட்டிய மெட்ரோபோலும் ஓட்டல்தான்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அப்படி ஓர் அரண்மனை ஓட்டல் கிடையாது. இருப்பதற்கு அரண்மனை வேண்டாமா?

ஊட்டிக்குப் போன உத்தரங்கள்

கோட்டைக்குள் லால் மகால், தீவின் கிழக்கே லால் பாக் என்று திப்புவுக்கு அரண்மனைகள் இருந்தன. 1799-ம் ஆண்டு மே 4-ந் தேதி கோட்டை விழுந்தது. திப்பு மாண்டார். தலைநகரம் மைசூருக்குப் போயிற்று. இரண்டு அரண்மனைகளும் பின்னர் இடிக்கப்பட்டன.

லால் பாக் அரண்மனையின் தேக்கு உத்தரங்கள் எங்கே தெரியுமா? ஊட்டியில்! 1829-ல் அஸ்திவாரம் போட்ட புனித ஸ்டீபன் தேவாலயத்தின் கூரையை அவைதான் தாங்குகின்றன. ஊட்டிக்குப் போகிறவர்கள் அண்ணாந்து பார்க்கலாம்.

தப்பியது தரியா தௌலத். 1784-ல் கட்டிய கோடை மாளிகை. வெற்றி பெற்ற பிறகு இதில் குடியேறியவர் கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லி. பிற்காலத்தில் நெப்போலியனைத் தோற்கடித்த அதே வெலிங்டன் பிரபுதான்.

கோட்டைக்குள் படையை நடத்திச் சென்றவர் அவர் அல்ல, டேவிட் பேர்ட். காஞ்சீபுரத்தை அடுத்த புள்ளலூரில் 1780-ல் நடந்த போரில் பிடிபட்டு, இதே ஊரில் சுமார் 4 ஆண்டுகள் சிறையில் கிடந்தவர். சிறையில் கிடந்தவருக்கு மாளிகை கிடைக்கவில்லை! அதே போரில் பிடிபட்ட கர்னல் பெய்லி 1782-ல் சிறையிலேயே இறந்தார். அந்தப் புள்ளலூர்ப் போர்க் காட்சியைத் தரியா தௌலத்தின் மேற்குச் சுவரில் வண்ணத்தில் தீட்டியிருக்கிறார்கள். அரை மணி நேரம் அதற்கே போதாது.

வெள்ளைக்காரப் பட்டாளமும் இங்கே நிலைக்கவில்லை. மலேரியாக் காய்ச்சல் விரட்டியது. 1809 வாக்கில் பட்டாளம் பெங்களூருக்கு மாறியது. அப்படி உருவானதுதான் கண்டோன்மென்ட். பட்டாளத்தோடும், அதை நம்பிய தொழில்களோடும் வந்து அல்சூரிலும் சிவாஜி நகரிலும் வேர் விட்ட தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ! ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கொசு கடிக்காதிருந்தால் பெங்களூர்த் தமிழரின் கதையே வேறாக இருந்திருக்கும்.

எங்கே தங்குவது?

காவிரிக் கரையில் கர்நாடக சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் மயூரா ரிவர் வியூ இருக்கிறது. ஆடம்பரத்தை எதிர்பார்த்துப் போகக் கூடாது. ஆற்றைப் பார்த்துக் கொண்டு உட்காரலாம், அதுதான் விசேஷம். தனியார் விடுதிகளும் உண்டு.

பயணிகள் பஸ்கள் கிளம்பிய பிறகுதான் ஊர் தன் முகத்தைக் காட்டுகிறது. திப்புவின் உடல் கிடந்த இடத்தில் ஒரு கல் நட்டிருக்கிறார்கள். பகலில் அங்கே பேச்சும் கூச்சலும். மாலையில் நின்றால், கோட்டைக்குள்ளேயே ஓடும் ரெயிலின் சத்தம் மட்டும் கேட்கும். அந்தப் பாதையை இரட்டிப்பதற்காக, திப்புவின் ஆயுதக் கிடங்கு ஒன்றை 2017-ல் இடிக்காமல் அப்படியே பெயர்த்து, சுமார் 130 மீட்டர் நகர்த்தி வைத்தார்கள். ஆயிரம் டன் எடை! மனம் இருந்தால் பழையதைக் காப்பாற்ற வழி இருக்கிறது என்பதற்கு அது கண்கண்ட சாட்சி.

கியூபா நாட்டில் டிரினிடாட் என்று ஓர் ஊர். ஸ்பெயின்காரர்கள் 1514-ல் அமைத்தது. 1988-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அங்கே பழைய வீடுகளைச் செப்பனிட்டு, சில அறைகளை மட்டும் வாடகைக்கு விடுகிறார்கள். ஜன்னல் கம்பியும் ஓட்டுக் கூரையும் அப்படியே இருக்கின்றன. அதற்காகவே வெளிநாட்டார் வருகிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் வீடுகளும், தரங்கம்பாடியில் கடற்கரை பங்களாவும் இப்படி விடுதிகளாகிப் பிழைத்திருக்கின்றன.

ஸ்ரீரங்கப்பட்டணத்தின் நினைவுச் சின்னங்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் உள்ளன. ஆனால் 2023-ல் திறந்த பெங்களூர்-மைசூர் விரைவுச் சாலை ஊரைத் தொடாமல் சுற்றிக் கொண்டு போகிறது. முன்பு வழியில் இறங்கியவர்களும் இனி இறங்க வேண்டியதில்லை. தங்கிச் செல்ல ஆள் வந்தால்தானே, பழைய வீட்டுக்காரர் இடிப்பதற்கு முன் ஒரு முறை யோசிப்பார்?

தங்குகிறவர்களுக்கு இன்னொரு லாபம், விடியற்காலை. பக்கத்தில் ரங்கன திட்டு பறவைகள் சரணாலயம். பறவை நிபுணர் சலீம் அலி வேண்டியதன் பேரில் 1940-ல் அறிவிக்கப்பட்டது. வெயில் ஏறுமுன் படகில் போனால் கொக்கும் நாரையும், பாறை மீது முதலையும் பார்க்கலாம். கிருஷ்ணராஜ சாகரில் அதிகத் தண்ணீர் திறந்து விட்டால் படகு நின்று விடும். ஆடி மாதத்தில் போகிறவர்கள் முதல் நாள் பத்திரிகையில் அணை நிலவரத்தைப் பார்த்துக் கொண்டு கிளம்புவது நல்லது.