காட்டின் கணக்கை யார் எழுதுவது?



புறக்கோட்டை பஸ் நிலையத்தில் விடியற்காலையில் நின்றவர்கள், மகியங்கனைக்குப் புறப்படும் வண்டிகளைக் கண்டிருப்பீர்கள். மகியங்கனையில் இறங்கிப் பதியத்தலாவை நோக்கிச் செல்லும் வீதியிலே சிறிது தூரம் போனால், தம்பானை என்னும் ஊர் வரும். நம் நாட்டின் ஆதிக்குடிகளாகிய வேடர் வாழும் ஊர் அது. கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் சென்ற நம் முன்னோர், வள்ளியம்மையை வளர்த்த குலம் என்று இவர்களைப் போற்றினர். அவர்களோ தங்களை ‘வன்னியல எத்தோ’ என்று சொல்லிக்கொள்வர். காட்டில் வாழும் மக்கள் என்பது அதன் பொருள்.

அந்தப் பெயருக்கு 1983ஆம் ஆண்டில் ஒரு பெருஞ் சோதனை வந்தது. துரித மகாவலித் திட்டம் நடைபெற்ற காலம் அது. அணைகள் எழுந்தன, வயல்களுக்கும் குடியேற்றங்களுக்குமாகப் பெருங்காடுகள் வெட்டப்பட்டன. நீர்த்தேக்கங்களுக்கு நீர் தரும் காட்டைக் காப்பாற்றவும், இடமிழந்த யானை முதலிய விலங்குகளுக்குப் புகலிடம் அளிக்கவும், அவ்வாண்டு நவம்பர் 9ஆம் திகதி மதுரு ஓயா தேசியப் பூங்கா பிரகடனம் செய்யப்பட்டது. அதன் பரப்பு ஏறத்தாழ 58,850 ஹெக்டேயர். நோக்கம் நல்லதே, அதனை யாரும் குறை கூற முடியாது.

ஆனால் அந்தப் பரப்பிலேதான் வேடர் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடினர், தேன் எடுத்தனர், கிழங்கு அகழ்ந்தனர். தேசியப் பூங்காவுக்குள் இவை யாவும் சட்டப்படி குற்றங்கள். நேற்றுவரை தன் பாட்டன் நடந்த பாதையில் நடந்தவன், இன்று அத்துமீறிப் புகுந்தவனானான். பல குடும்பங்கள் ஹெனானிகல முதலிய குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டன. அங்கே வயல் கிடைத்தது, வீடு கிடைத்தது, காடு கிடைக்கவில்லை. முதுபெருந் தலைவர் திசஹாமியும் அவரோடு சில குடும்பங்களும் தம்பானையை விட்டு அகல மறுத்தனர். 1996ஆம் ஆண்டில் அவருடைய மகன் வன்னில எத்தோ ஜெனீவாவுக்குச் சென்று, ஐக்கிய நாடுகள் சபையின் ஆதிக்குடிகள் பற்றிய செயற்குழுவின் முன் தம் மக்களின் நிலையை எடுத்துரைத்தார். திசஹாமி 1998இல் காலமானார்.

காட்டையும் காக்க வேண்டும். காட்டு மக்களையும் காக்க வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று பகையா? இக்கேள்விக்கு விடை தேட, பூமியின் வட கோடிக்குச் சற்றுச் சென்று வருவோம்.

கனடாவின் வட பகுதியிலும் அலாஸ்காவிலும் கரிபூ என்னும் ஒருவகை மான் வாழ்கின்றது. ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான கரிபூக்கள் மந்தையாகக் கூடி, பனிவெளிகளையும் ஆறுகளையும் கடந்து நூற்றுக்கணக்கான மைல் நடக்கும். நெல் விளையாத அந்நாட்டில் குவிச்சின், இனுவியாலுயிட் முதலிய ஆதிக்குடிகளுக்குக் கரிபூவே உணவு. அதன் தோலே உடை.

1980ஆம் ஆண்டளவில் அரசாங்கத்தின் உயிரியல் அறிஞர்கள் விமானத்திலிருந்து ஒரு பெரு மந்தையை எண்ணி, ஏறத்தாழ 40,000 மான்களே எஞ்சியுள்ளன என்று எச்சரித்தார்கள். வேட்டைக்காரர் அதை நம்பவில்லை. அரசாங்கமோ வேட்டைக்காரரை நம்பவில்லை. பின்னர் நடந்த கணக்கெடுப்புகளில் தொகை இலட்சத்தை வெகுவாகத் தாண்டியது! மான்கள் ஓரிடத்தில் தங்கியிருக்கும் இனமல்ல. அவை எங்கே போயின என்பதை அறிய, நிலத்திலே நடப்பவனின் அறிவும் வேண்டியிருந்தது.

இத்தகைய அவநம்பிக்கை முற்றிய வேளையில், 1982இல் ஒரு புதிய சபை தோன்றியது. பெவர்லி, கமானிர்ஜுவாக் என்னும் இரு மந்தைகளைப் பராமரிப்பது அதன் பணி. உறுப்பினர் பதின்மூவர். அவர்களில் எண்மர் கரிபூவை நம்பி வாழும் மக்களின் பிரதிநிதிகள்; ஐவர் அரசாங்கப் பிரதிநிதிகள். 1985இல் போர்க்குப்பைன் மந்தைக்கும் இவ்வாறே ஓர் உடன்படிக்கை செய்யப்பட்டது. முள்ளம்பன்றி ஆறு என்று பொருள்படும் ஓர் ஆற்றின் பெயரே அம்மந்தையின் பெயர். அது நாட்டெல்லை அறியாது அலாஸ்காவுக்கும் கனடாவுக்கும் இடையே நடப்பதால், 1987இல் இரு நாடுகளும் தமக்குள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன.

இச்சபைகள் அமைச்சர்களுக்குச் சிபாரிசு செய்வனவே. இறுதி அதிகாரம் அரசாங்கத்திடமே உண்டு. எனினும், விதி பிறக்கும் இடத்தில் அவ்விதிக்குக் கட்டுப்பட வேண்டியவனும் அமர்ந்திருக்கிறான். போர்க்குப்பைன் மந்தைக்கு 2010இல் வகுத்த திட்டத்தைப் பாருங்கள். மான் தொகை 115,000க்கு மேலிருந்தால் பச்சை நிலை. 45,000க்குக் கீழே இறங்கினால் சிவப்பு நிலை. இடையே மஞ்சளும் செம்மஞ்சளும். நிறம் மாற மாற, வேட்டையும் சுருங்கும். பஞ்சம் வருமுன்னரே, பஞ்சகாலத்தில் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்று அவர்கள் கூடிப் பேசி முடிவு செய்துவிட்டார்கள். 2001இல் 123,000 ஆகக் குறைந்திருந்த அம்மந்தை, 2017இல் 218,000 ஆகப் பெருகியது. இப்பெருக்கம் முழுவதும் சபையால் விளைந்தது என்று நான் கூறமாட்டேன். இயற்கையின் ஏற்ற இறக்கமும் அதில் உண்டு. பதர்ஸ்ட் என்னும் வேறொரு மந்தை, 1986இல் ஏறத்தாழ 470,000 ஆக இருந்து, 2018இல் 8,200 அளவுக்குச் சிதைந்துபோனது. கூட்டாகப் பேசுவது மந்திரமல்ல. ஆனால் மந்தை தேயும்போது ஒருவரையொருவர் பழிப்பதில் காலம் கழியாமல், எல்லாரும் நம்பும் ஒரு கணக்காவது கையில் இருக்கும்.

இனி மீண்டும் தம்பானைக்கு வருவோம். மதுரு ஓயாக் காட்டிலே எந்தப் பாறையில் தேன் இறங்கும், எந்தக் கோடையில் எந்த மடு வற்றும் என்பதை அறிந்தவர் வேடர். அந்த அறிவு அரசாங்கக் கோவைகளில் இல்லை. முதியவர் ஒருவர் மறையும்போது அதில் ஒரு பகுதி மறைகிறது. காட்டுக்குள் போகாத பேரப்பிள்ளை அதைக் கற்க வழியில்லை. 2007இல் ஆதிக்குடிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் பிரகடனத்துக்கு நம் நாடு ஆதரவாக வாக்களித்தது. இருந்தும் 2020இல், சோளச் செய்கைக்காகத் தம் மூதாதையர் காடு வெட்டப்படுகிறது என்று கூறி, வேடர் தலைவர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாட வேண்டியதாயிற்று. காட்டைக் காக்கவென்று அன்று வெளியேற்றப்பட்ட மக்களே, காட்டைக் காக்குமாறு பின்னர் வழக்காடினார்கள்.

வாகரை, மூதூர்ப் பகுதிகளில் தமிழ் பேசி வாழும் வேடரும் உளர் என்பதை நம்மிற் பலர் மறந்துவிடுகிறோம். ஆகவே இது அயலாரின் கதையன்று. நம் உறவினரின் கதை.

நான் பல்லாண்டு பாடசாலை நடத்தியவன். பிள்ளைகள் தாமே கூடி இயற்றிய ஒழுங்கை அவர்கள் எளிதில் மீறுவதில்லை என்பது என் அனுபவம். பூங்காவின் வாயிலில் காவலாளி நிற்கட்டும். அதன் விதிகளை எழுதும் மேசையிலே, அந்தக் காட்டில் பிறந்தவனுக்கும் ஓர் ஆசனம் இருக்கட்டும்.