முழங்கை அழித்த கணக்கு

கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! சமையலறையிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

உங்களிடம் நாலு லட்டு இருக்கிறது. எத்தனை விதமாகக் கூறு போடலாம்? நாலையும் ஒரே தட்டில் வைக்கலாம். மூன்றும் ஒன்றுமாக, இரண்டும் இரண்டுமாக, இரண்டும் ஒன்றும் ஒன்றுமாக வைக்கலாம். தனித்தனியே நாலு தட்டிலும் வைக்கலாம். ஆக, 5 விதம். ஒன்பது லட்டானால் 30 விதம். பதினாலுக்கு 135. இருநூறு லட்டு என்றால்? மூர்ச்சை போட்டு விழாதீர்கள்: 3,97,299 கோடியே 90 லட்சத்து 29 ஆயிரத்து 388!

இதைக் கையாலேயே கணக்கிட்டவர் மக்மஹான் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி. 200 வரை அவர் போட்ட பட்டியல், கேம்பிரிட்ஜில் இருந்த நம் கும்பகோணத்து ராமானுஜத்தின் கண்ணில் பட்டது. 4-லோ 9-லோ முடியும் எண்களுக்கெல்லாம் விடை ஐந்தால் மீதியின்றி வகுபடுவதை அவர் கண்டார். 5, 30, 135, நீங்களே வகுத்துப் பாருங்கள். பட்டியலுக்கு அப்பாலும் என்றைக்கும் அப்படித்தான் என்று நிரூபித்து, 1919-ல் வெளியிட்டார்.

நிரூபணத்தின் சூட்சுமம் ஒரு பெருக்கலில் இருக்கிறது. ஒன்றிலிருந்து ஒரு பின்னத்தைக் கழியுங்கள். மறுபடி ஒன்றிலிருந்து அதன் வர்க்கத்தைக் கழியுங்கள். அப்புறம் அதன் கனத்தை. கிடைத்ததையெல்லாம் பெருக்கிக்கொண்டே போங்கள், முடிவே கிடையாது. ஒன்றை இந்தப் பெருக்கலால் வகுத்து விரித்தால், லட்டுக் கணக்கின் விடைகள் வரிசையாக வந்து நிற்கும்! இதோடு சிறு ஒட்டு ஒன்று சேர்த்து, ஜெர்மானியரான டெடிகிண்ட் பெயரால் 'ஈட்டா சார்பு' என்கிறார்கள்.

வாசலில் ஒரு கோலம் போடுகிறீர்கள். அதே கோலத்தைப் புள்ளிகளின் இடைவெளியை ஐந்து மடங்காக்கி இன்னொரு தரம் போடுகிறீர்கள். ஈட்டாவிலும் இப்படிச் செய்யலாம்: பின்னத்தின் இடத்தில் அதன் ஐந்தாம் அடுக்கை வைத்தால் இன்னொரு ஈட்டா கிடைக்கும். இரண்டும் முடிவில்லாத பெருக்கல்கள். ஆனாலும் இத்தகைய ஈட்டாக்கள் சிலவற்றைச் சேர்த்துப் பிணைக்கும் சமன்பாடு, பள்ளிக்கூட அல்ஜீப்ரா போல் நாலைந்து உறுப்புகளோடு முடிந்துவிடுகிறது! மூன்று மடங்குக்கு ஒன்று, ஏழு மடங்குக்கு ஒன்று என்று, ராமானுஜம் தம் நோட்டுப் புத்தகங்களில் இவற்றை எழுதிக்கொண்டே போயிருக்கிறார். ஒழுங்குபடுத்தாத பக்கங்களில் மட்டும் இந்த ரகத்தில் 23 இருக்கின்றன.

எப்படிக் கண்டுபிடித்தார்? அங்கேதான் தொல்லை. காகிதம் வாங்கக் காசில்லாத நாட்களில் அவர் கணக்குப் போட்டது ஸ்லேட்டில். விடை வந்ததும் அதை மட்டும் நோட்டில் எழுதுவார். ஸ்லேட்டை முழங்கையால் அழித்துவிடுவார். துணியை எடுத்துத் துடைக்கக்கூடப் பொறுமை இல்லை! விடை பிழைத்தது, வழி போயிற்று.

அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ன்ட், நோட்டுகளில் உள்ள ஒவ்வொன்றுக்கும் நிரூபணம் தேடுவதில் ஏறக்குறைய இருபது வருஷங்களைச் செலவிட்டார். 1985 முதல் 1998 வரை ஐந்து பெரிய புத்தகங்கள் வந்தன. அந்த 23-லும் பலவற்றை ராமானுஜத்தின் பாணியிலேயே நிரூபிக்க முடிந்தது. சிலவற்றுக்கோ, ராமானுஜம் அறிந்திராத பிற்காலக் கணிதத்தின் துணை வேண்டியிருந்தது. அந்தக் கணிதத்தில், விடை முன்கூட்டியே தெரிந்தால்தான் சரிபார்க்க முடியும். தெரியாமலே அவர் எப்படிப் போய்ச் சேர்ந்தார்?

சீமையிலிருந்து 1919-ல் திரும்பியவர், எலும்பும் தோலுமாகப் படுக்கையில் கிடந்தபோதும் கணக்கை விடவில்லை. 1920 ஏப்ரல் 26-ந் தேதி, சென்னைச் சேத்துப்பட்டில் கண் மூடினார். வயது 32. மனைவி ஜானகி அம்மாள் இருபதைத் தாண்டினாரோ இல்லையோ! தையல் கற்றுக்கொண்டு, தைத்துப் பிழைத்து, 1994 வரை வாழ்ந்தார். கணவர் கடைசியாக எழுதிய தாள்கள் கடல் கடந்து போயின.

1976-ல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கர் கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரி நூலகத்தில் ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே அந்தக் கையெழுத்து, நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள்! ஈட்டாக்களும் அவற்றில் இருந்தன. இந்தத் தடவை ஸ்லேட்டு இல்லை, காகிதம்தான். ஆனாலும் பழைய வழக்கம் போகவில்லை. விடைகளை மட்டும்தான் எழுதியிருந்தார்.